மாஸ்டருக்கு ஒரு மீன் பின்னால்

1

போன கிழமை தபாலில் ஒரு தாள் வந்தது. தடித்த தாள், மூலையில் முத்திரை. நான் மீன் பதனிடும் தொழிலில் தேர்ச்சி பெற்றவன் என்று நோர்வே மொழியில் எழுதியிருக்கிறது. எனக்கு வயது அறுபத்தொன்று. இந்தத் தொழிற்சாலைக்கு வந்து முப்பத்துநாலு வருடம். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். சந்தோஷம் வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஊரிலிருந்து கதைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கை மணித்தியாலத்துக்கு என்ன குடுக்கிறான்?" சொன்னால் உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாடி" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். வந்து இறங்கியபோது உனக்கு என்ன வேலை தெரிந்திருந்தது, அந்த வேலைக்கு அவன் என்ன கொடுத்தான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினம். மார்கழியில் சூரியன் எழும்பாது. ஐந்தரைக்கு எழும்பி, இரண்டு சோடி காலுறை போட்டு, றப்பர் சப்பாத்துக்குள் காலை விட்டு, ஏழு மணிக்கு மேசையில் நிற்கவேண்டும். வலது கையில் இரண்டு விரல்கள் விறைத்துப்போய்ப் பல வருடம். நோவு என்று சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். குளிரும் ஒரே வேலையும் என்கிறார் டொக்டர். வேறு என்ன வேலை செய்தீர்கள் என்று அவரும் கேட்டார். நான் அவருக்கும் பழைய பதிலையே சொல்லி வைத்தேன்.

2

அந்தப் பழைய பதில் பிறந்தது, நான் அகதியாக வந்த புதிதில் நடந்த பொலிஸ் விசாரணையில். மேசைக்கு எதிரே நோர்வே அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், எங்கள் ஆள். வாயைத் திறந்ததும் வலிகாமப் பக்கம், தோட்டக்காணிக்காரர் ஊர் என்று தெரிந்தது. வெள்ளைச் சேட்டு, பையில் இரண்டு பேனை.

அதிகாரி எந்த ஊர் என்று கேட்டார். "யாழ்ப்பாணம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது போதும். மொழிபெயர்ப்பாளருக்குப் போதாது.

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"ரவுண்."

"ரவுணிலை எவடம் தம்பி?"

"பெரிய கோயிலடி."

"ம்" என்றார். கத்தோலிக்க வேதக்காரன், பெரிய கோயிலடி, கறுத்த தோல், காய்த்த கை. சாதியைக் கண்டுபிடித்துவிட்ட அந்த 'ம்' எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கும். அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்க, அவர் அதைத் தமிழில் சொன்னார்: "என்ன தொழில் செய்தனீர்?"

நான் குருநகர், பெரிய கோயிலடி மீனவர் குடியிருப்பு. பதினாறு வயதிலிருந்து அப்பாவோடு கடலுக்குப் போனவன். சண்டையால் கடலுக்குத் தடை வந்த காலங்களில் கரையில் எங்கள் மீன் வாடியில் நின்று கருவாட்டுக்கு மீன் கீறியவன். பத்து வருடத்துக்கு மேல் எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த இரண்டு பேனையையும் பார்த்துக்கொண்டு, "புடவைக்கடையிலை கணக்கப்பிள்ளை" என்றேன்.

நான் நோர்வே அரசாங்கத்துக்குப் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு பேனைக்காரருக்குத்தான் சொன்னேன். அரசாங்கம் அதை எழுதிக்கொண்டது.

இந்த நோர்வேக் கரையில் வள்ளம் வைத்திருக்கிறவனுக்குத்தான் நல்ல வீடு, நல்ல மரியாதை என்பதெல்லாம் பிறகு கண்டது. அந்த அதிகாரிகூட லீவு நாட்களில் மீன் பிடிக்கப் போகிறவராம். கடற்றொழில் என்று சொல்லியிருந்தால் பேனையை வைத்துவிட்டு என்ன மீன், என்ன வலை என்று கதை கேட்டிருப்பார்.

3

தொழிற்சாலை தந்த வீட்டில் எட்டுப் பேர். ஒருவர் வங்கியில் இருந்தவர், ஒருவர் உழவு இயந்திரம் திருத்துகிறவர். கதிரவேலு சாவகச்சேரியில் தையல்கடை வைத்திருந்தவன். நடேசு மாஸ்டர் உடுப்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். பெரும்பாலும் தோட்டக்காணி உள்ள வீட்டுப் பிள்ளைகள்.

முதல் நாள் ஆளுக்கொரு கத்தி தந்தார்கள். அன்று பின்னேரம் குசினியில் சமையல் நடக்கும்போது ஒருவன் தன் கத்தியைத் தூக்கிக் காட்டினான்.

"எடேய், எங்களுக்குள்ளை இதுக்கெண்டே பிறந்தவன் ஆரும் இருக்கிறியளோ? இருந்தால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. எங்கடை பங்கையும் அவனே வெட்டட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

வேலை இதுதான். இயந்திரம் மீனை இரண்டாகப் பிளந்து அனுப்பும். அதில் மிஞ்சியிருக்கிற முள்ளையும் புழுவையும் நாங்கள் கத்தியால் எடுக்கவேண்டும். மேசை கண்ணாடி, கீழே வெளிச்சம். அடிப்படைச் சம்பளம் எல்லோருக்கும் ஒன்று. அதற்கு மேல், வெட்டுகிற கிலோவுக்குக் காசு. வெள்ளிக்கிழமைகளில் யார் எவ்வளவு என்று பெயர் போட்டுப் பலகையில் ஒட்டுவார்கள்.

"மீனை வெட்டாதை, திற" என்பார் எங்கள் அப்பா. முதல் மீனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் கட்டா மீனும் பாரை மீனும் கீறிய கை. கத்தி தானாகவே முள்ளுக்குப் போனது. பக்கத்தில் வங்கிக்காரர் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் கையை நிறுத்தினேன். இப்படியே விட்டால் பின்னேரத்துக்குள் குசினி முழுக்கக் கதை பரவிவிடும் என்று விளங்கியது.

அடுத்த மேசையில் நடேசு மாஸ்டர். கரும்பலகையில் கணக்குச் செய்து காட்டுவது போல் வெட்டுவார். முதலில் மீனைப் பார்ப்பார், பிறகு கத்தியைப் பார்ப்பார், பிறகு யோசிப்பார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் முடித்த மீன் பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் என்னுடையதைப் போடுவேன். நாள் முழுக்க, மாஸ்டருக்கு ஒரு மீன் பின்னால்.

வெள்ளிக்கிழமைப் பலகையில் மாஸ்டர் கடைசிக்கு முதல் ஆள். நான் கடைசி. புடவைக்கடைக் கணக்கப்பிள்ளை மீன் வெட்டினால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

கதிரவேலு மூன்றாம் மாதமே பலகையில் முதலாவது. "ஊசி பிடிச்ச கையடா. எனக்கு முள்ளென்ன, நூலென்ன" என்பான். அவன் தையல்காரன் என்று ஊருக்கே தெரியும், சொல்வதில் அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை. தையல் அவனுக்கு இங்கே சோறு போட்டது. சில வருடங்களில் அவனை எங்கள் வரிசைக்குப் பொறுப்பாளனாக்கினார்கள். அவன் வெட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நல்ல வேகம்தான். என்னால் அதைத் தாண்ட முடியும் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே என் மீனைக் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் முடிக்கும்வரை காத்திருப்பேன்.

அந்த வருடங்களில் குருநகரில் என் தம்பி சவிரி இயந்திரம் இல்லாத வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு இயந்திரம் வாங்கிக் கொடுக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. கதிரவேலுவின் கிலோக் காசு எனக்கும் வந்திருந்தால் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன்.

பிறகு கிலோக் காசை நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று ஆக்கினார்கள். வேகமாக வெட்ட ஒரு காரணமும் இருக்கவில்லை. வெட்டாமல் இருக்கவும் ஒரு காரணம் இருக்கவில்லை. பழகிவிட்டது. மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த மேசைக்கு யார் யாரோ வந்து போனார்கள்.

4

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளர் ஊனி என்னைக் கூப்பிட்டாள். நாற்பது வயது வரும், நேராகக் கதைக்கிற பெண். அடுத்த வருடத்திலிருந்து முழுநேர வேலை தொழிற்சான்று உள்ளவர்களுக்கு மட்டும்தானாம். மற்றவர்களை மீன் வருகிற நாட்களில் கூப்பிடுவார்களாம். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம். நாட்கூலிக்கு இறங்கினால் ஓய்வூதியமும் அதோடு இறங்கும்.

"சோதனைக்கு இருக்கிறேன்" என்றேன்.

அவள் கடதாசிகளைப் புரட்டினாள். "நீ முப்பத்துநாலு வருடமும் ஒரே மேசையில் ஒரே வேலை செய்திருக்கிறாய். சோதனைக்கு அது போதாது. முழு மீனைப் பிளக்க, உப்பிட, காயவிடத் தெரிந்திருக்கவேண்டும். வேறு எங்காவது செய்திருக்கிறாயா? உன் நாட்டில் செய்திருந்தாலும் பரவாயில்லை, கடிதம் இருந்தால் எடுப்பார்கள்." பிறகு தானே சொல்லிக்கொண்டாள்: "ஓ, நீ கணக்குப் பகுதியில் இருந்தவன், இல்லையா?"

அறைக்கு வெளியே வரிசையாக மரச்சட்டங்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. இங்கேயும் கருவாடுதான், வெயிலுக்குப் பதிலாகக் குளிர்காற்று.

"இல்லை, செய்திருக்கிறேன்" என்றேன்.

விண்ணப்பம் கணினியில் நிரப்பவேண்டும். ஒஸ்லோவில் இருக்கிற மகள் றெஜினாவைத் தொலைபேசியில் பிடித்தேன். மாதத்தில் ஒருநாள் எடுப்பாள். நல்ல பிள்ளை, அவசரமான பிள்ளை. தமிழில் தொடங்கி நோர்வே மொழியில் முடிப்பாள்.

"முந்தின தொழில் எண்டு கேக்குது அப்பா. கணக்காளர் எண்டு போடுறன்."

"இல்லைப் பிள்ளை. கடற்றொழில் எண்டு போடு."

"அது இப்பத்தைத் தொழில் அப்பா. முந்தி என்ன எண்டு கேக்குது."

"முந்தியும் அதுதான். நான் ஒருநாளும் கணக்கு எழுதேல்லை."

"அதுதானோ என்ரை கணிதப் பாடத்துக்கு நீங்கள் ஒருநாளும் உதவி செய்யேல்லை?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் கேட்டாள்: "அப்ப நான் பள்ளிக்கூடத்திலை எழுதினது?"

பன்னிரண்டு வயதில் அவள் வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தவள். கணக்காளராக இருந்த என் அப்பா இந்த நாட்டில் மீன் வெட்டுகிறார் என்று. ஆசிரியைக்குக் கண் கலங்கியதாம். வீட்டில் வந்து எனக்கும் வாசித்துக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

"அதுவும் பொய்தான் பிள்ளை."

"ஓகே" என்றாள். ஒரு விஷயத்தை மூடிவைக்கும்போது அப்படித்தான் சொல்வாள். பிறகு அவள் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

5

கடிதம் எடுக்கக் கோடை லீவில் குருநகருக்குப் போனேன். மீனவர் சங்கத்தில் ஒரு பிள்ளை, எழுதுவினைஞர். பழைய பெயர்ப் பதிவு இடாப்பு இடப்பெயர்வோடு போய்விட்டது என்றாள்.

"ரெண்டு பேர் சாட்சிக்கு வந்தால் கடிதம் தரலாம் அங்கிள்."

சவிரியும் அவனோடு கடலுக்குப் போகிற ஒருவரும் வந்தார்கள். சவிரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தான். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் கடலுக்குப் போகிறான்.

"என்ன தொழில் செய்தவர் எண்டு போட?" அந்தப் பிள்ளை கேட்டாள்.

என் வாயில் வந்தது இப்படி: "மீன் பதனிடும் நிலையத்திலை மேற்பார்வை எண்டு போட ஏலுமோ பிள்ளை?"

"எந்த நிலையம்?" சவிரி திரும்பினான். "அப்பாவின்ரை வாடியோ? அந்த ஓலைக் கொட்டிலுக்கு மேற்பார்வையாளர் வேறை ஒராளோ!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ எழுது பிள்ளை. கடற்றொழிலாளி எண்டு போடு. மீன் கீறினவன், உப்புப் போட்டவன், காயவிட்டவன் எல்லாத்தையும் போடு. இதென்ன களவெடுத்த வேலையோ?"

கடிதத்தை வாங்கிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தோம். அவன்தான் கேட்டான்.

"அண்ணை, அங்கை என்ன தொழில் எண்டு சொல்லி வைச்சிருந்தனீ?"

சொன்னேன். கணக்கப்பிள்ளை, புடவைக்கடை, மெதுவாக வெட்டியது, எல்லாம். நான் அனுப்பிய இயந்திரம் எப்போதோ பழுதாகி, இப்போது வேறொன்று அவன் வள்ளத்தில் இருந்தது. வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் நின்றான்.

"அப்ப இந்த முப்பத்துநாலு வருசமும் எங்கடை அப்பா புடவைக்கடைக்காரனோ?"

கரையில் மீனை ஏலம் கூறிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக் கத்தினான்: "உங்கை பாருங்கோ, என்ரை அண்ணை வந்திருக்கிறார்! உவர் நிண்ட காலத்திலை கட்டா கீற உவரை அடிக்க இந்தக் கரையிலை ஆள் இல்லை!" யாரோ ஒரு கத்தியை நீட்டினார்கள். சவிரி அதை வாங்கி என்னிடம் தந்தான். "ஒருக்கால் கீறிக் காட்டு அண்ணை. பொடியள் பாக்கட்டும்."

"நல்ல சேட்டு போட்டிருக்கிறன். பிறகு பாப்பம்" என்றேன்.

அவன் கத்தியைத் திருப்பிக் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சரி, இங்கை வேண்டாம். அங்கை காட்டு. அவங்களுக்கு நீ ஆரெண்டு காட்டு."

6

சோதனைக்கு முதல் கிழமை நடேசு மாஸ்டரிடம் போனேன். அவர் இதே பட்டினத்தில்தான் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஒஸ்லோவில். சோதனை தொழிற்சாலையில் எல்லோருக்கும் முன்னால் நடக்கும். மற்றவர்கள் சொல்லி அவர் கேள்விப்படாமல் நானே சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன்.

தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். "மாஸ்டர், நான் உண்மையிலை குருநகர்…"

"தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"பலகை சொன்னது. எடேய் தாஸ், நான் கணக்கு வாத்தி. கதிரவேலுவின்ரை கிலோ ஒரு கிழமை ஏறும், ஒரு கிழமை இறங்கும். என்ரையும் அப்பிடித்தான். மனிசனெண்டால் அப்பிடித்தான் இருக்கும். நீ மட்டும் நான் ஏறினால் ஏறுவாய், நான் இறங்கினால் இறங்குவாய். எப்பவும் எனக்கு ரெண்டு மூண்டு கிலோ கீழை. எனக்குக் காய்ச்சல் வந்து இழுத்து இழுத்து வெட்டின கிழமையும் நீ எனக்குக் கீழைதான். அப்பிடி வெட்டுறதெண்டால் வெட்டத் தெரிஞ்சவனாலைதான் ஏலும். முதல் ரெண்டு மாசத்திலையே விளங்கிட்டுது."

அந்தத் தொழிற்சாலையில் அவருடைய கணிதம் பிரயோசனப்பட்டது அந்த ஒரு கணக்குக்குத்தான் போலிருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் மாஸ்டர் சொல்லேல்லை? எனக்குத் தனிய எண்டாலும் சொல்லியிருக்கலாமே."

அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தார். தோய்ந்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டியால் அதைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"நீ எனக்குக் கீழை நிண்டது எனக்கும் சுகமாய்த்தான் இருந்தது தாஸ்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "மற்றவையளுக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"கதிரவேலுவுக்குத் தெரியும். வங்கிக்காரருக்குத் தெரியும். நாங்கள் இதைப்பற்றிக் கதைச்சதில்லை." பிறகு, "உனக்கு மரியாதையாய் இருக்கட்டும் எண்டு" என்றார்.

இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

7

சோதனை காலை ஒன்பது மணிக்கு. வெளியூரிலிருந்து சோதனையாளர்கள் இரண்டு பேர், கையில் தாள் செருகிய பலகை. ஐஸ், வெப்பநிலை, சுத்தம் என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். என் நோர்வே மொழி தொழிற்சாலை மொழி. அதற்கு அது போதும். பிறகு ஒரு பெட்டி நிறைய முழு மீன் கொண்டுவந்து வைத்தார்கள். முள்ளை எடுத்து, விரித்து, உப்புக்குத் தயாராக்கவேண்டும்.

எங்கள் பகுதியில் வேலை செய்கிறவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இப்போது தமிழர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் வேறு வேறு நாட்டவர்கள். ஊனியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தியை முதல் நாளே வீட்டில் கல்லில் தீட்டி வைத்திருந்தேன். சவிரியை நினைத்துக்கொண்டேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. இன்றைக்குக் குருநகர்க் கரையில் வெட்டுவது போல் வெட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

முதல் மீன் திறந்தது. கத்தி போனது, முள் வந்தது, மீன் புத்தகம் போல் விரிந்தது. கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. அதைப் பெட்டிக்குள் போட்டேன்.

கை நின்றது.

அடுத்த மீன் முன்னால் கிடந்தது. எடு என்றேன். கை எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு மீன் விழுகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பக்கத்து மேசையில் ஒருவரும் இல்லை. அன்று அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் யோசிக்கிற நேரம், கத்தியைப் பார்க்கிற நேரம், எல்லாம் கழிந்த பிறகுதான் கை இரண்டாவது மீனுக்குப் போனது. பிறகும் நின்றது. மூன்றாவதுக்குப் பிறகும் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டிப் பார்த்தேன். விறைத்த இரண்டு விரல்களும் கத்தியை நழுவ விடப் பார்த்தன. அதற்குப் பிறகு விரட்டவில்லை. பெட்டி முடியும்வரை அதன் போக்கிலேயே வெட்டினேன்.

சோதனையாளர்களில் மூத்தவர் நான் விரித்த மீன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முள்ளும் இல்லை. "அவசரப்படாத கை" என்று இளையவரிடம் சொல்லி, எழுதிக்கொண்டார். ஊனி என் தோளில் தட்டினாள். தேர்ச்சி.

முழுநேர வேலை இருக்கிறது. மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடவும் தருகிறார்கள். றெஜினாவுக்குத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு பூவும் ஒரு கைதட்டலும் அனுப்பினாள்.

நேற்றுச் சவிரி தொலைபேசி எடுத்தான். காற்று இரைந்தது, கரையில் நின்று கதைக்கிறான் என்று தெரிந்தது.

"அண்ணை, வெட்டிக் காட்டினனியோ?"

"ஓம்."

"எல்லாரும் நிண்டவங்களோ?"

"எல்லாரும் நிண்டவங்கள்."

"பிறகு? என்ன செய்தவங்கள், சொல்லன்!"

அவனுக்குப் பக்கத்தில் வேறு ஆட்களும் நிற்கிற சத்தம் கேட்டது. என் கதையைக் கேட்க ஆட்களைக் கூட்டி வைத்திருக்கிறான்.

"சத்தம் போடாமல் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்" என்றேன்.

அது பொய் இல்லை.